முன்னாள் சாரணர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

கொடியேற்றம், மரக்கன்று நடுதல், இரத்ததான முகாம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வந்தது மாதாந்திர வாசிப்புக் கூட்டத்தைப் பற்றி. யூத அகதிப் பிள்ளைகளிடையே சாரணர் இயக்கம் என்ற பொருளை எடுத்தபோது, "நமக்கு எதுக்குங்க இது?" என்றவர்கள்தான் கடைசிவரை எழுந்திருக்காமல் உட்கார்ந்து சண்டை போட்டார்கள்.

பிரான்சில் யூதச் சாரணர் இயக்கத்தை ரொபேர் கம்ஸோன் 1923இல் தொடங்கியபோது அவருக்கு இருபது வயதுகூட இல்லை. இரண்டாம் உலகப் போர் வந்ததும் 1939 டிசம்பரில் தார்ன் ஆற்றங்கரையில் முவாஸாக் என்ற சிற்றூரில் இயக்கம் ஒரு வீட்டைத் திறந்தது. நடத்தியவர்கள் ஷாத்தா, பூலி சிமோன் தம்பதியர். ஜெர்மனி, ஆஸ்திரியா, போலந்து என்று பல நாட்டிலிருந்து தப்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள், ஏறத்தாழ 500 பேர், அங்கே தங்கிப்போனார்கள். அணி பிரித்து, பாட்டுக் குழு வைத்து, புத்தகம் கட்டும் தொழிலும் கற்றுக்கொடுத்தார்கள்.

1942 ஆகஸ்டில் தெற்குப் பிரான்சிலும் போலீஸ் வெளிநாட்டு யூதர்களை வளைத்துப் பிடித்து நாஜிகளிடம் ஒப்படைக்கத் தொடங்கியது. போலீஸ் வருகிறது என்று முன்கூட்டியே தகவல் கசிந்தால், பிள்ளைகள் முதுகுப்பையும் கூடாரமுமாக முகாமுக்குக் கிளம்பிவிடுவார்கள். பார்ப்பவர்களுக்கு அது விடுமுறைக்கால முகாம். நாம் இரண்டு நாள் முகாமுக்கு மூன்று வாரம் கூடிப் பேசுகிறோம்!

ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசான விஷி அரசு இயக்கத்தைக் கலைத்து, தான் அமைத்த யூத அமைப்புக்குள் ஒரு பிரிவாக அடக்கியது. அதன் ஆறாவது துறை என்ற போர்வையில் தலைமறைவு வேலை நடந்தது. 1943இல் முவாஸாக் வீட்டை மூடிவிட்டு, பிள்ளைகளைப் பொய்ப் பெயர்களோடு பண்ணைகளிலும் கன்னியர் மடங்களிலும் விடுதிப் பள்ளிகளிலும் ஒளித்துவைத்தார்கள். அடையாள அட்டை, ரேஷன் அட்டை எல்லாம் போலி.

சண்டை இங்கேதான். சாரணர் நம்பிக்கைக்கு உரியவர் என்பது நம் முதல் விதி. வருவாய்த் துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஐயா, "போலி முத்திரை போலி முத்திரைதான், அதற்குச் சாரணர் பெயர் வேண்டாம்" என்றார். சாரணியர் பிரிவு அக்கா விடவில்லை: "புள்ளையைப் பிடிச்சுக் கொடுத்துட்டு யார்கிட்ட நம்பிக்கை வாங்கப் போறீங்க ஐயா?" என் ஓட்டு அக்காவுக்கு. நடவடிக்கைக் குறிப்பில் இரண்டு கருத்தும் பதிவாகியுள்ளன. கம்ஸோன் பிறகு ஆயுதம் ஏந்திய குழுவுக்கே தலைமை தாங்கி, 1944 ஆகஸ்டில் காஸ்த்ர் நகர விடுதலையில் பங்கெடுத்தார் என்றதும் ஐயா, "அது போர், வேற கணக்கு" என்று ஒதுங்கிக்கொண்டார்.

அடுத்த ஆண்டு வாசிப்புக்கு ஷாங்காயின் ஹாங்கியூ பகுதியில் இருந்த அகதிப் பிள்ளைகளின் சாரணர் படையை எடுப்பதாக முடிவு. சரி, சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போகவும்.

செயலாளர்