பேரனைப் பற்றி நீ எழுதியதற்கு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. எனக்கு இடது கண்ணில் புரை எடுத்து இன்றோடு 18 நாள். சொட்டு மருந்து மட்டும் தொடர்கிறது. எழுத்து தெளிவாகத் தெரிகிறது, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

கண்ணன் நல்ல வேலையை உதறிவிட்டு, பெங்களூரில் நடன இசைக்கு ரீமிக்ஸ் செய்யப் போய்விட்டான் என்று எழுதியிருக்கிறாய். "அடுத்தவன் பாட்டை வெட்டி ஒட்டுவது ஒரு பிழைப்பா?" என்று வேறு கேட்டிருக்கிறாய். இதை நீ கேட்கலாமா? வானொலி நிலையத்தில் நாம் இருவரும் 26 வருடம் வேறென்ன செய்தோம்? பாடகர் இருமிய இடத்தைத் தேடி ஸ்பூலைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, டேப்பின் முதுகில் மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு, பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டியவன் நீ. ஒட்டு எங்கே இருக்கிறது என்று பாடியவருக்கே தெரியாது.

கண்ணனின் தொழிலுக்கு முன்னோடி ஒருவர் இருக்கிறார். டாம் மோல்ட்டன் என்ற அமெரிக்கர், 1940இல் பிறந்தவர். இசைத்தட்டு வியாபாரத்தில் இருந்து, அது வெறுத்துப்போய், விளம்பரங்களுக்கு மாடலாகப் போனவர். எழுபதுகளின் தொடக்கத்தில் நியூயார்க்கை ஒட்டிய ஃபயர் ஐலண்ட் தீவில் ஒரு நடன விடுதிக்குப் போயிருக்கிறார். பாட்டு மூன்று நிமிடம். ஆடுகிறவர்களுக்கு உடம்பில் சூடேறும் நேரத்தில் அது முடிந்துவிடும். அடுத்த தட்டு வேறு தாளத்தில் தொடங்கும், கால் தடுமாறும், ஆட்கள் தளத்தை விட்டு இறங்கிவிடுவார்கள். அவர் வீட்டுக்கு வந்து, பாட்டோடு பாட்டைக் கோத்து, இடைவெளியே இல்லாத 45 நிமிட டேப் ஒன்றைத் தயாரித்தார். அதற்கு ஆனது 80 மணி நேரம்!

அந்த 80 மணி நேரத்தின் அருமை நம் இருவருக்கும் தெரியும். நம் இயந்திரத்தில் டேப் நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடும். நிமிடத்துக்கு 120 தாள அடி விழும் பாட்டென்றால், ஒரு தாள அடிக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்றே முக்கால் அங்குலம். வெட்டு கால் அங்குலம் பிசகினாலும் ஆடுகிறவன் கால் கண்டுபிடித்துவிடும்.

பிறகு இசைத்தட்டு நிறுவனங்களே அவரைக் கூப்பிட்டன. 1974இல் டான் டவுனிங் பாடிய 'டிரீம் வேர்ல்ட்' பாட்டை நீட்டும்போது ஒரு சிக்கல். நடுவில் சுருதி ஏறிவிடுகிறது. ஏறிய இடத்திலிருந்து பழைய பகுதிக்குத் திரும்பினால் காது ஒத்துக்கொள்ளாது. என்ன செய்தார் தெரியுமா? சுருதி சேர்கிற வாத்தியங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தாள வாத்தியங்களை மட்டும் ஓடவிட்டார். கேட்பவர் முந்தைய சுருதியை மறக்கும் அளவுக்கு ஒரு சின்னத் தனி ஆவர்த்தனம்! அதன்பின் பாட்டு கீழ்ச்சுருதியில் திரும்பி வந்தால் யாருக்கும் உறுத்தாது. இதைப் படித்தபோது எழுந்து போய் உனக்கு உடனே போன் செய்யலாமா என்று இருந்தது, மணி இரவு பதினொன்று. நடன இசையில் இன்று 'பிரேக்' என்று கொண்டாடுகிறார்களே, அதற்கு இது ஒரு முக்கியமான தொடக்கம்.

பன்னிரண்டு அங்குல 'சிங்கிள்', அதாவது பக்கத்துக்கு ஒரே பாட்டு உள்ள பெரிய இசைத்தட்டு, வந்த கதையும் அவருடையதுதான். மாதிரித் தட்டு வெட்டப் போன இடத்தில் ஏழு அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துபோயிருந்தது. பெரிய தட்டில் வெட்டினார்கள். பாட்டு ஓரமாக ஒரு பட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. பார்க்க நன்றாக இல்லையே என்று முள் ஓடும் கோடுகளை அகலமாகப் பரப்பி, ஒலியையும் கூட்டி வெட்டியதில் பேஸ் என்கிற அடிநாதம் அப்படி எழும்பியது. 1975இல் பாடகி குளோரியா கெய்னரின் ஆல்பத்தில் ஒரு பக்கம் முழுவதையும் நிற்காமல் ஓடும்படி கோத்தார். 'டாம் மோல்ட்டன் மிக்ஸ்' என்று தட்டின் மேலேயே போட்டார்கள். நம் பெயரை யார் போட்டார்கள், சொல்!

வருமானம் நிச்சயமில்லை என்ற உன் கவலை நியாயம்தான், அதை நான் மறுக்கவில்லை. எனக்கு வேறொரு கவலை. இப்போது கம்ப்யூட்டரே தாளத்தைச் சேர்த்துவிடுகிறது. கண்ணன் அறைக்குள் திரையை மட்டும் பார்த்து உட்கார்ந்திருக்கிறானா, ஆடுகிற இடத்துக்குப் போய் எந்த இடத்தில் ஆட்கள் இறங்குகிறார்கள் என்று நின்று பார்க்கிறானா? அவனைக் கேட்டு எழுது. திட்டாமல் கேள்.

கமலா உன் மனைவிக்கு நாரத்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். தை பிறந்ததும் கொண்டுவருகிறேன். டேப் வெட்டும் அந்த அலுமினியக் கட்டை உன் பீரோவில்தானே இருக்கிறது? தேடி எடுத்து வை. பிளேடும் பழைய ஸ்பூல் ஒன்றும் என்னிடம் இருக்கின்றன. கண்ணனையும் அந்த வாரம் வரச் சொல்.

அன்புடன்,
ராமலிங்கம்