பழங்குடி உடை என்ன கோமாளி வேஷமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

'டிடெக்டிவ் சைனாடவுன் 1900' என்ற சீனப் படத்தை உங்கள் சினிமா பக்கத்தில் பாராட்டியிருந்தீர்கள். சப்டைட்டிலோடு பார்த்தேன், துப்பறியும் காமெடியாக எனக்கும் பிடித்தது. சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரவே கூடாது என்று அமெரிக்கா 1882-ல் சட்டம் போட்டது. 1943-ல்தான் அதை நீக்கினார்கள். அந்த அவமானத்தை, 1900-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் நடக்கும் கொலை வழக்கு ஒன்றின் வழியே ஜனரஞ்சகமாகச் சொல்லியிருக்கிறார்கள். சைனாடவுன் தலைவராக வரும் சோ யுன் ஃபேட்டுக்குக் கை தட்டத் தோன்றியது.

சரி, நடிகர் வாங் பாவோச்சியாங்? அமெரிக்கப் பழங்குடியினர் எடுத்து வளர்த்த சீனராக வருகிறார். அந்த உடையில் அவர் அடிக்கும் லூட்டிதான் படத்தின் பாதிச் சிரிப்பு. (நானும் சிரித்தேன், ஒப்புக்கொள்கிறேன்.) ஆனால், வெள்ளைக்கார நடிகர்கள் கண்ணை இடுக்கிக்கொண்டு சீனர் வேஷம் கட்டிய ஹாலிவுட் காலத்தை மறக்காதவர்கள், நிலத்தைப் பறிகொடுத்த இன்னொரு மக்களின் உடையைக் கோமாளி வேஷமாக்கலாமா? உங்கள் விமர்சனத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

- ஒரு வாசகி, திருச்சி