கோயில் திருப்பணி நிறைவு அறிக்கை: மண்டபமும் ஸ்டேஷன் வரலாற்றுச் சுவரும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பெங்களூரு கண்டோன்மெண்ட் ஸ்டேஷன் அருகே உள்ள நம் பிள்ளையார் கோயில் திருப்பணி, இறையருளாலும் உங்கள் நன்கொடையாலும் நல்லபடியாக நிறைவேறியது. கும்பாபிஷேகம் முடிந்து மண்டலாபிஷேகமும் பூர்த்தியாகிவிட்டது. கருவறையில் சிலையைப் பீடத்தோடு பிணைக்கும் பழைய மருந்தை எடுத்துவிட்டு அஷ்டபந்தனம் புதிதாகச் சாத்தினோம். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் தூள், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் எல்லாம் சேர்ந்து ஒரே பதமாக இளகும்வரை நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் முறை வைத்து இடித்தார்கள். விமான வண்ணம், மடப்பள்ளித் தரை, வயரிங் வேலைகளின் பில்களை அலுவலகத்தில் பார்க்கலாம்.

மண்டபத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒழுகிய கூரையின் காரையைக் கொத்தியபோது, மெட்ராஸ் டெரஸைத் (செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போடும் பழைய முறைத் தளம்) தாங்கி நின்றவை மர உத்தரங்கள் அல்ல, பழைய தண்டவாளத் துண்டுகள் என்று தெரிந்தது. துருவைச் சுரண்டியதும் பக்கவாட்டில் புடைத்த ஆங்கில எழுத்துகள் அரைகுறையாகத் தெரிந்தன. ரயில்வேயில் உழைத்த நம் பெரியவர்கள் கட்டிய மண்டபம் அல்லவா! மேலே சிமெண்ட் பூசி மூடிவிடலாம் என்றார் மேஸ்திரி. கமிட்டி சம்மதிக்கவில்லை. அரித்துப்போனவற்றை மட்டும் மாற்றி, மற்றவற்றுக்கு ரெட் ஆக்சைடு அடித்து, எல்லோரும் பார்க்கும்படி விட்டிருக்கிறோம்.

அப்புறம்தான் மண்டபச் சுவரில் ஸ்டேஷன் வரலாற்றைத் தமிழிலும் கன்னடத்திலும் கல்லில் பொறிக்கத் தீர்மானித்தோம். கோயில் பணத்தில் ரயில் கதை எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. இந்த ஸ்டேஷன் வராமல் இருந்திருந்தால் நம்மில் பல குடும்பங்கள் இந்தப் பக்கமே வந்திருக்காது, இந்தக் கோயிலும் எழுந்திருக்காது.

1809-ல் பிரிட்டிஷார் இங்கே தண்டு (ராணுவக் குடியிருப்பு) அமைத்த பிறகு, பட்டாளத்தை நம்பித் தமிழ்க் குடும்பங்கள் வந்து குடியேறின. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி விட்ட மெட்ராஸ் ரயில்வே, 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து கிளைப் பாதை போட்டு இங்கே கொண்டுவந்து சேர்த்தது. பெங்களூரு பார்த்த முதல் ரயில் வந்து நின்றது நம் கண்டோன்மெண்டில்தான்! மெஜஸ்டிக் பக்கத்து சிட்டி ஸ்டேஷன் பிறகு வந்தது. 1882-ல் மைசூரு வரை போட்ட பாதை மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர்தான். நம்முடையது அகலப் பாதை. அதனால் அந்தக் காலத்தில் இங்கிருந்து அங்கே போகும் சரக்கை இறக்கி வேறு வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. அந்த மூட்டைகளைத் தோளில் சுமந்தவர்களையும் கல்லில் ஒரு வரியில் சேர்த்திருக்கிறோம்.

1894-ல் இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்குக் கிளைப் பாதை திறந்ததும் கோலார் தங்கவயல் நமக்குப் பக்கத்து ஊர் ஆனது. 2001-ல் சுரங்கத்தை மூடிய பிறகு அங்குள்ள தமிழர்கள் தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறார்கள். இந்தப் பாதையின் கதையில் நம் மனதைத் தொடுவது இதுதான். அதற்கு ஒரு முழுக் கல் ஒதுக்கியதில் கமிட்டியில் இரண்டு கருத்தே இல்லை.

இப்போது ஸ்டேஷனே மாறுகிறது. ஏறத்தாழ 500 கோடி ரூபாய் மறுசீரமைப்புக்கு 2022 ஜூனில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அதே மாதத்தில் பையப்பனஹள்ளியில் விஸ்வேஸ்வரய்யா டெர்மினல் இயங்கத் தொடங்கி, சில வண்டிகள் அங்கே மாறின. வேலைக்காக 2024-ல் பல வண்டிகள் சில மாதம் கண்டோன்மெண்டில் நிற்கவில்லை. புதிய கட்டடம் வேண்டியதுதான், கூட்டம் அப்படி. ஆனால் புதியது எழும்போது பழையதை எழுதிவைக்க ஆள் வேண்டும், அதை நாமே செய்வோம் என்றுதான் இந்தச் சுவரை இப்போதே முடித்தோம். கடைசிக் கல்லில் மறுசீரமைப்பு நிறைவு பெறும் தேதிக்கு இடம் விட்டிருக்கிறோம்.

வரவு செலவுக் கணக்கு பொதுக்குழுவில் வாசிக்கப்படும். தாத்தா, பாட்டி ரயில்வேயில் வேலை பார்த்தபோது எடுத்த படங்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கொடுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவோம். மண்டபக் கூரை ஒரு மழைக்காலம் தாங்கியதைப் பார்த்த பிறகே காண்ட்ராக்டருக்கு மீதித் தொகை கொடுப்பதாகப் பேசியிருக்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டி