ஞாயிறு மாத்திரை

ஆசிரியருக்கு,

முழங்கால் வலிக்காக என் மாமியாருக்கு மருத்துவர் வைட்டமின் டி மாத்திரை எழுதிக்கொடுத்தார். 60,000 யூனிட், வாரம் ஒன்று, 8 வாரம். மருந்துக்கடையிலோ கவரின் மேல் வழக்கம்போல் ‘1-0-0’ என்று கிறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். அத்தை தினமும் காலையில் ஒன்று விழுங்கியிருக்கிறார். ஆறாம் நாள், தக்காளி மண்டிக்குப் போய்த் திரும்பியபோதுதான் அட்டையைப் பார்த்தேன். இரண்டுதான் மிச்சம்!

சத்து மாத்திரைதானே, மிஞ்சியது சிறுநீரில் போய்விடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இது கொழுப்பில் கரைவதாம், உடம்பிலேயே தங்கிவிடும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், தாகமும் வாந்தியும் மலச்சிக்கலும் வரும், சிறுநீரகமும் கெடலாம் என்று மருத்துவர் கடிந்துகொண்டார். ரத்தப் பரிசோதனையில் நல்லவேளை கோளாறு இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

அத்தைக்கு எழுத்து தெரியாது, ஞாயிற்றுக்கிழமை தெரியும். கறி எடுக்கும் நாளாயிற்றே. ‘ஞாயிறு மட்டும், மதியச் சாப்பாட்டோடு’ என்று கடைக்காரர் வாய்விட்டுச் சொல்லி, கவரிலும் தமிழில் எழுதியிருந்தால் போதுமே. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

- ஒரு விவசாயி, பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்