அம்மம்மாவைக் காவு வாங்கிய ஒத்தசொல்

ஆசிரியருக்கு,

தங்கள் மாணவர் பக்கத்தில் வாரந்தோறும் ஓர் ஆங்கில வினைச்சொல்லை எடுத்துப் பொருளும் ஒத்தசொற்களும் தந்து வருகிறீர்கள். நல்ல முயற்சி. ஆனால் சென்ற வாரம் ‘மிஸ்’ என்ற வினைக்கு ‘தவறவிடு, இழ, தவிர்’ என்று மூன்று சொற்களைப் போட்டு, பக்கத்தில் ‘லூஸ், ஸ்கிப், அவொய்ட்’ என்ற மூன்றையும் நிறுத்திவிட்டு நடையைக் கட்டிவிட்டீர்கள். முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவளுக்கு அதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை.

காரணம் உண்டு. எங்கள் ஒழுங்கையில் தரம் பத்தில் படிக்கும் ஒரு பிள்ளை. அவளுடைய அம்மம்மா கண்ணில் வெண்புரை எடுப்பதற்காக வெள்ளவத்தையில் மகன் வீட்டுக்குப் போயிருந்தார். ரொறன்ரோவில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதால், பிள்ளை அம்மம்மாவைத் தேடி ஏங்குவதை அவனுக்கு வட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் எழுத நினைத்தாள். ‘மிஸ்’ என்று எழுதியிருந்தால் பிரச்சினையே இல்லை. ரியூட்டரியில் கொடுத்த ஒத்தசொல் பட்டியல் கையில் இருந்ததால், கொஞ்சம் பெரிய ஆங்கிலமாக இருக்கட்டும் என்று ‘ஐ லொஸ்ட் அம்மம்மா’ என்று அனுப்பிவிட்டாள். ஆங்கிலத்தில் அதை வாசிப்பவர் முதலில் எடுக்கும் அர்த்தம்: அம்மம்மா காலமாகிவிட்டார். நடுச்சாமத்தில் சித்தி அழுதழுது எடுத்த கோலுக்கு வெள்ளவத்தையில் பதில் சொன்னவர், கண்ணில் கட்டோடு இருந்த அம்மம்மாவேதான். அதற்குள் சித்தப்பா விமான டிக்கெட் விலை பார்க்கத் தொடங்கியிருந்தாராம்.

‘மிஸ்’ என்பதன் அடிக்கருத்து ஒன்றுதான். சேர வேண்டியது சேராமற்போவது. பழைய ஆங்கிலத்தில் குறியைத் தப்பவிடுவதற்கு இருந்த சொல் இது. ‘மிஸ்டேக்’ என்பதன் தலையில் இருக்கும் ‘மிஸ்’ஸும் இதே வேரில் வந்ததுதான். (பள்ளியில் பிள்ளைகள் எங்களைக் கூப்பிடும் ‘மிஸ்’ வேறு சாதி, அது ‘மிஸ்ட்ரஸ்’ஸின் சுருக்கம்.) ‘வடக்கின் பெரும்போர்’ கிரிக்கெட் ஆட்டத்தில் பந்து மட்டையில் படாமல் போனாலும் மிஸ்தான், நான் பஸ்ஸைக் கோட்டை விட்டாலும் மிஸ்தான், அச்சுப்பிழை உங்கள் கண்ணுக்குத் தப்பினாலும் மிஸ்தான். இவற்றில் எதையும் வேண்டுமென்று செய்வதில்லை. ‘ஸ்கிப்’ அப்படியல்ல. காய்ச்சலில் படுத்த பிள்ளை வகுப்பை ‘மிஸ்’ பண்ணுகிறது. கள்ளம் அடித்துவிட்டு முனியப்பர் கோயிலடியில் நிற்கும் பிள்ளை ‘ஸ்கிப்’ பண்ணுகிறது. இரண்டையும் ஒரே கோட்டில் எழுதினால் காய்ச்சல்காரப் பிள்ளைக்கு அநியாயம் செய்கிறோம்.

இந்தச் சொல்லின் அருமை, சேராமற்போனதை மனம் உணர்வதையும் அதே சொல்லே சொல்லுகிறது என்பதில் இருக்கிறது. என் கதையையே சொல்கிறேன். 1982இல் நேர்முகப் பரீட்சை ஒன்றுக்காகக் கொழும்புக்குப் புறப்பட்டு, யாழ்ப்பாணம் புகையிரத நிலையத்துக்குப் பத்து நிமிடம் பிந்திப் போனேன். ‘ஐ மிஸ்ட் யாழ்தேவி.’ 1990இல் போரினால் யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணத்துக்கு வருவதே நின்றது. திரும்ப யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்ரோபரில். அந்த இருபத்து நான்கு வருடங்களைப் பற்றியும் ஆங்கிலத்தில் எழுதினால் ‘வீ மிஸ்ட் யாழ்தேவி’ என்றே எழுதுவேன். வினையும் அதுவே, ரயிலும் அதுவே. முதலாவதில் என் சோம்பல் இருக்கிறது. இரண்டாவதில் ரயிலின் கூவல் கேட்காத தண்டவாளக் கரை வீடுகள் இருக்கின்றன. உங்கள் ‘தவறவிடு’ முதல் வாக்கியத்துக்கு மட்டுமே உதவும்.

இரண்டாவதற்குத் தமிழில் ஒற்றைச் சொல் இல்லை என்று சிலர் குறைப்படுவார்கள். பிள்ளை தகப்பனைத் தேடி ஏங்கிப்போனது என்கிறோமே, அதில் என்ன குறை? பாரிஸில் இருக்கும் என் தங்கை சொல்வாள், பிரெஞ்சில் அந்த வாக்கியமே தலைகீழாக இருக்குமாம்: ‘நீ எனக்குக் குறைகிறாய்.’ வீட்டில் ஒரு கதிரை காலியாகக் கிடப்பதைப் போல. ஆங்கிலத்தை விட அது நமக்குக் கிட்ட இருப்பதாக எனக்குப் படுகிறது.

நம் ‘தப்பு’ம் ‘தவறு’ம் மட்டும் இலேசானவையா? குறி தப்பியது, ஆள் தப்பினான், அவன் செய்தது தப்பு. கால் தவறியது, பெரியவர் தவறிவிட்டார். இவற்றை ஒரு வெள்ளைக்காரப் பிள்ளைக்கு மூன்று ஒத்தசொல்லில் படிப்பிக்கச் சொன்னால் எந்த ரியூட்டரி பொறுப்பெடுக்கும்?

இன்னொன்று. ‘மிஸ்ஸிங்’ என்ற வடிவத்தைத் தொடாமல் விட்டிருக்கிறீர்கள். இந்த மண்ணில் வெளிவரும் பத்திரிகை அதை விட்டிருக்கக் கூடாது. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ‘காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலக’த்தின் பெயரில் இருப்பது ‘காணாமற்போன’ என்ற சொல். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் போராட்டத்தில் அமர்ந்த தாய்மார் தங்கள் பிள்ளைகளைக் ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றே சொல்லி வருகிறார்கள். ‘போன’ என்றால் தானாகப் போனதாகிவிடும்; ‘ஆக்கப்பட்ட’ என்றவுடன் ஆக்கியவர் யார் என்ற கேள்வி கூடவே வந்து நிற்கும். ‘மிஸ்ஸிங்’கில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. தன்வினை, பிறவினை, செயப்பாட்டுவினை என்று நாம் கரும்பலகையில் எழுதி அழித்த பாடம்தான் இது.

கடைசியாக ஒரு திருத்தம். ‘ஐ மிஸ் டு கோ ஹோம்’ என்று ஓர் உதாரணம் போட்டிருக்கிறீர்கள். அது பிழை. ‘மிஸ்’ஸுக்குப் பின்னால் ‘கோயிங்’ என்றுதான் வர வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்கு உங்கள் பக்கத்தை வெட்டி ஒட்டி வைத்திருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அடுத்த இதழிலேயே திருத்தம் போடுங்கள். ‘ஐ நியர்லி மிஸ்ட் த பஸ்’ என்றவர் பஸ்ஸில் ஏறிவிட்டார் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வகுப்பில் பாதிப் பேர் அவரை வீதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

வரும் வாரம் ‘கெட்’ என்று அறிவித்திருக்கிறீர்கள். தயவுசெய்து ஒத்தசொற்களைக் குறைத்து, வாக்கியங்களைக் கூட்டுங்கள். இடம் போதாவிட்டால் ராசிபலனை ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். அதற்கு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
நீர்வேலி.