இடது பக்கம் கேட்காத இயர்பட்ஸ்: மகளுக்கு ஒரு கடிதம்

மன்னார்குடி
ஐப்பசி, திங்கட்கிழமை இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று பேசும்போது, "இயர்பட்ஸில் இடது பக்கம் கேட்கவே இல்லைப்பா, தூக்கிப் போட்டுவிட்டு வேற வாங்கப் போறேன்" என்றாய். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் உன் குரல் விட்டு விட்டு வந்து கட்டாகிவிட்டது. அப்போதிருந்து அம்மா ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்: "கோளாறு கருவியிலா, அவள் காதிலா?" எனக்கும் ராத்திரி முழுக்க அதுதான் ஓடியது. போனில் சொல்லத் தொடங்கினால் மீட்டிங் என்று பாதியில் போய்விடுவாய். அதனால் கடையைச் சாத்திவிட்டு வந்து எழுதுகிறேன். இங்கே நல்ல மழை. பாமணியாற்றில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு போகிறது.

அம்மாவின் கேள்வியை முதலில் தீர்த்துவிடு. இடது பட்ஸை வலது காதிலும், வலது பட்ஸை இடது காதிலும் பிடித்துக்கொள். சரியாகப் பொருந்தாது, பரவாயில்லை, கையால் பிடி. ஒரே பாட்டை ஒரே வால்யூமில் போடு. மந்தம் பட்ஸோடு சேர்ந்து வலது காதுக்கு மாறிவிட்டால் கோளாறு பட்ஸிலோ போனிலோதான். மாறாமல் இடது காதிலேயே நின்றால் பட்ஸை அப்படியே வைத்துவிட்டு, அன்றைக்கே ஈ.என்.டி. டாக்டரைப் பார். குறும்பி அடைத்திருந்தால் அவருக்கு அது சின்ன வேலை. ஆனால் ஒரு காது திடீரென்று மந்தமாவது நரம்புச் சமாசாரமாகவும் இருக்கலாம். அதற்கு நாள் கடத்தாமல் முதல் சில நாட்களிலேயே மருந்து தொடங்க வேண்டும். உன் பெரியப்பா ரைஸ் மில்லில் நெல் குத்தும் ஹல்லர் மெஷின் பக்கத்திலேயே முப்பது வருஷம் நின்றவர். ஒரு காது கேட்கவில்லை என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை. டி.வி. சத்தம் கூடிக்கொண்டே போனதை நாங்களும் கவனிக்காமல் விட்டுவிட்டோம். அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன். நீ மறைக்காதே.

காது நன்றாக இருக்கிறது என்றால், மீதி எல்லாம் என் தொழில்.

கோட்டூர்ப் பக்கம் தாத்தாவின் நிலம் கடைமடையில் இருந்தது உனக்குத் தெரியும். ஜூன் 12 மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று ரேடியோவில் சொல்வார்கள். நம் வயலுக்குத் தண்ணீர் வந்திருக்காது. தாத்தா யாரிடமும் சண்டைக்குப் போகமாட்டார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயல் மடையிலிருந்து வாய்க்காலோடு மேலே நடப்பார். எங்கேயாவது ஆகாயத்தாமரை அடைத்திருக்கும், அல்லது யாராவது வரப்பை வெட்டிவிட்டிருப்பார்கள். பழுது பார்க்கும்போது நானும் அப்படித்தான் போவேன். கடைசி முனையிலிருந்து தலைப்பை நோக்கி. நீயும் காதிலிருந்து ஆரம்பித்துப் போனுக்குப் போ.

கடைசி முனை என்பது பட்ஸின் வாயில் இருக்கும் சின்ன வலை. ரப்பரைக் கழற்றிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார். குறும்பி மெழுகு மாதிரி படிந்திருக்கும். சத்தம் ஒரேயடியாக நிற்காது, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அதனால்தான் ஸ்பீக்கர் போய்விட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். போன வாரம் நாதஸ்வரம் கற்றுக்கொள்ளும் பையன் ஒருவன் வந்தான். ஆசிரியரின் வாசிப்பைப் பதிவு செய்து வைத்துக் கேட்டுப் பழகுகிறான். "சீவாளிச் சத்தமே வரமாட்டேங்குது, எல்லாம் அடங்கிப்போச்சு" என்றான். வலையைத் துடைத்துக் கொடுத்ததும் அவன் முகம் மாறியதை நீ பார்த்திருக்க வேண்டும். மெழுகு அடைத்தால் முதலில் போவது மேல் ஸ்தாயி சத்தம்தான்.

துடைக்கிற விதம் முக்கியம். காய்ந்த, மெல்லிய பிரஷ் எடுத்துக்கொள். குழந்தைகள் பல் தேய்க்கிற பிரஷ் போதும். வலையைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்துப் பிடித்துத் தேய், தூசி கீழே விழட்டும். நிமிர்த்திப் பிடித்துத் தேய்த்தால் அழுக்கு உள்ளே போய்விடும். ஊசியால் குத்தாதே, தண்ணீர் ஊற்றாதே, வாயால் ஊதாதே. ரப்பரை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுசாகக் காய்ந்த பிறகு மாட்டு.

அடுத்தது கேஸ், அதாவது பட்ஸை வைத்துச் சார்ஜ் ஏற்றும் சின்னப் பெட்டி. என் கடைக்கு "ஒரு பக்கம் செத்துப்போச்சு" என்று வருபவற்றில் பல, சாகவே இல்லை. சார்ஜ் ஏறாமல் கிடந்தவை. பட்ஸின் அடியிலும் கேஸின் குழிக்குள்ளும் பொன் நிறத்தில் சின்னப் புள்ளிகள் இருக்கும். வியர்வையும் தூசியும் அதில் படிந்தால் மின்சாரம் பாயாது. நீ கேஸுக்குள் வைத்துவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருப்பாய், அது ராத்திரி முழுக்கப் பட்டினி கிடக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஒரு சொட்டு தொட்டு, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, புள்ளிகளைத் துடை. மருந்துக் கடையில் கிடைக்கும். சின்ன வயதில் டேப் ரெக்கார்டர் ஹெட்டை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கிற வேலையை உனக்குத்தான் கொடுப்பேன். நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, மூச்சுகூட விடாமல் துடைப்பாய். அதே கை, அதே பக்குவம். துடைத்த பிறகு ஒவ்வொரு பக்கமாக உள்ளே வைத்து, சார்ஜ் விளக்கு எரிகிறதா என்று பார். இரண்டையும் ஒரு மணி நேரம் சார்ஜில் விட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை.

இனி போன். அமைப்புகளில் 'அணுகல்தன்மை' என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒலிப் பகுதியில் இடது வலது சமநிலைக்கு ஒரு கோடு இருக்கும். கைபட்டு அது ஓரமாக நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் ஊமையாகிவிடும். நடுவில் வை. பட்ஸ் 'இணைக்கப்பட்டது' என்று காட்டியும் பாட்டு போன் ஸ்பீக்கரிலேயே வருகிறதென்றால், புளூடூத் பட்டியலில் அதன் பெயரைத் தொட்டு 'மீடியா ஆடியோ' அணைந்திருக்கிறதா என்று பார்.

இவ்வளவும் செய்தும் சரியாகவில்லையா? இணைப்பைப் புதிதாகப் போட வேண்டும். போனிலிருந்தும் லேப்டாப்பிலிருந்தும் அதன் பெயரையே நீக்கிவிடு. ஒன்றில் மட்டும் நீக்கினால் மற்றது ஓடிவந்து பிடித்துக்கொள்ளும். அப்புறம் கையேட்டில் சொல்லியிருக்கிறபடி ரீசெட் செய். மாடலுக்கு மாடல் முறை வேறு, ஆனால் பெரும்பாலும் இரண்டையும் கேஸில் வைத்துப் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிப்பதுதான். இடதும் வலதும் ஒன்றையொன்று தொலைத்துவிட்டிருந்தால் இதில் சேர்ந்துவிடும்.

மீட்டிங்கில் எல்லோரும் குடத்துக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருக்கிறது என்று முன்பு ஒருமுறை சொன்னாயே, அதைப் பற்றி எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். அது பழுதே இல்லை. புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு ஒரு வழி. பாட்டு வழியில் சத்தம் ஒரே திசையில், இரண்டு காதுக்கும் தனித்தனியாக, தாராளமாக வரும். மைக்கைத் திறந்த நிமிஷமே பட்ஸ் பேச்சு வழிக்கு மாறிவிடும். அதில் போகவும் வரவும் இடம் பங்கு போட வேண்டும். அதனால் இரண்டு காதுக்கும் ஒரே சத்தம், அதுவும் மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் நறுக்கிய சத்தம். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். மீட்டிங் செயலியில் ஒலி அமைப்புக்குப் போய், மைக் என்ற இடத்தில் லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடு, ஸ்பீக்கர் என்ற இடத்தில் பட்ஸ் இருக்கட்டும். சில லேப்டாப்பில் ஒரே பட்ஸ் இரண்டு பெயரில் தெரியும். அதில் ஸ்டீரியோ என்று இருப்பதை எடு, ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்பதை விடு. பாட்டு திடீரென்று நின்றுபோகிறது என்றாயே, அது லேப்டாப்பும் போனும் பட்ஸை ஆளுக்கொரு பக்கம் இழுப்பதாக இருக்கலாம். வேலை முடிந்ததும் லேப்டாப்பில் புளூடூத்தை அணைத்துவிடு.

பஸ்ஸில் போகும்போது பட்ஸில் பாட்டு விட்டு விட்டு வருவதற்குக் காரணம் சொன்னால் உனக்குப் பிடிக்கும். திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் சுமார் 320 மீட்டர். நம் ஊர்த் தென்னந்தோப்பும் ஓட்டு வீடும் அதற்கு ஒரு தடையே இல்லை, தாண்டி வந்துவிடும். புளூடூத் வேலை செய்வது 2.4 கிகாஹெர்ட்ஸில். அலையின் நீளம் பன்னிரண்டு சென்டிமீட்டர் சொச்சம்தான். இந்தச் சின்ன அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். போனைப் பின் பாக்கெட்டிலோ முதுகுப் பையிலோ போட்டால், உன் உடம்பே குறுக்கே நிற்கும் சுவர். முன்பக்கம் வைத்துக்கொள். வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையில்தான் இரைச்சல் போடும். அறையில் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டால் இடம் கொஞ்சம் காலியாகும்.

நனைந்தால் அரிசிக்குள் போடாதே. இதை நெல் விளைகிற ஊரிலிருந்து சொல்கிறேன். நடவு வயல் சேற்றில் விழுந்த பட்ஸை ஒரு பையன் மூன்று நாள் அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்துக் கொண்டுவந்தான். தண்ணீர் போகவில்லை, வலை நிறைய தவிட்டுத் தூசி ஏறியிருந்தது. துணியால் ஒற்றி எடுத்து, கேஸில் வைக்காமல், மின்விசிறிக் காற்றில் விட்டாலே போதும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கடையில் நனைந்த செட்டுகள் உனக்கு நினைவிருக்கும். கரண்ட் வந்ததும் அவசரப்பட்டு ஆன் செய்தவைதான் போயின. பொறுமையாகக் காயவைத்தவை இன்றும் பாடுகின்றன.

பேட்டரி பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருப்பது மிகச் சின்ன லித்தியம் செல். இரண்டு மூன்று வருஷத்தில் சக்தி குறையும். பல மாடல்களில் ஒரு பக்கம்தான் போனோடு பேசி மற்றதை இழுத்துக்கொண்டு போகும், அது முன்னால் களைத்துவிடும். முழு சார்ஜில் வைத்தும் இடது பக்கம் அரை மணியில் அணைந்தால் துடைத்துப் பயனில்லை. உன்னுடையது போன தீபாவளிக்கு வாங்கியது. வாரண்டி ஒரு வருஷம் என்றால் இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. பில்லை இன்றே தேடு. நான் சொன்னதெல்லாம் செய்து பார்த்துவிட்டு, சனிக்கிழமைக்குள் சரியாகவில்லை என்றால் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோ. தெருவோரக் கடையில் பிரிக்கக் கொடுக்காதே. பிரித்துவிட்டால் வாரண்டி போய்விடும். ஒரு பக்கம் மட்டும் மாற்றித் தருவார்களா என்றும் கேள். குப்பைத் தொட்டியில் மட்டும் போட்டுவிடாதே, நசுங்கினால் தீப்பிடிக்கிற செல் அது. எதற்கும் ஆகாதென்றால் என்னிடம் கொண்டுவா.

இடது பக்கம் சரியாகும் வரை வலது பக்கத்தின் சத்தத்தைக் கூட்டி ஈடுகட்டாதே. நீ அப்படித்தான் செய்துகொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபெல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம். அதையே 90 டெசிபெல்லாக்கினால் வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம்தான். பஸ் இரைச்சலை அமுக்குவதற்காகச் சத்தத்தை ஏற்றினால் இரண்டே நாளில் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். பஸ்ஸில் கேட்காமலே இருந்துவிடு பாப்பா, வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

காதை மாற்றிப் பார்த்தாயா என்பதை மட்டும் இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே ஒரு வரியில் அனுப்பு. அம்மா அதைக் கேட்டால்தான் தூங்குவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் போடு. வலது பக்கத்தைக் கேஸிலேயே வைத்துவிட்டு, இடது பக்கத்தை மட்டும் மாட்டிக்கொண்டு பேசு. அம்மாவைப் பேசச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா