சட்டை கடிக்கு தாத்தா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவட்டாற்றில் 32 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜூன் பிறந்தால் கடையில் கால் வைக்க இடமிருக்காது, அத்தனை யூனிபார்ம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என் பேரன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே சட்டையைக் கழற்றி வீசிவிட்டான். மறுநாளும் அதே கதை. டீச்சர் வெளியே நிறுத்தினார், அப்புறம் அடியும் விழுந்தது. சேட்டை என்றார்கள், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்றார்கள். மறைப்பானேன், நானும் அதை நம்பி இரண்டு வைத்தேன். அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "சட்டை கடிக்கு தாத்தா."

தைத்தவன் நான். எறும்பு ஏதும் இருக்குமோ என்று உதறிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. ஒருநாள் ராத்திரி அவனைக் குளிப்பாட்டும்போது பார்த்தால் பிடரியில், அக்குளில், விலாவில் சொறிந்த தடம். சட்டையைப் புரட்டி உடம்போடு ஒட்டவைத்துப் பார்த்தேன். துணி ஓரம் பிரியாமல் உள்பக்கம் போடுகிற ஓவர்லாக் தையல் எந்த வழியாக ஓடுகிறதோ தடமும் அந்த வழியாகவே ஓடியது.

மகள் அவனைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குகிற சிகிச்சையாளர் ஒருவர் சொன்ன பிறகுதான் விஷயம் பிடிபட்டது. தொடுதல், சத்தம், வாடை எல்லாவற்றையும் மூளை வாங்கி வகைப்படுத்த வேண்டும். சில பிள்ளைகளுக்கு அது அளவுக்கு மீறிப் படும், சிலருக்குப் படவே படாது. இதைத்தான் புலனுணர்வுச் சிக்கல் என்கிறார்கள். ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்கத் தெரபிஸ்ட் 1972-லேயே இதை விளக்கிப் புத்தகம் போட்டிருக்கிறாராம். லேசாக உரசினால் துடிக்கிற பிள்ளை, இறுக்கி அழுத்தினால் அடங்குவதும் உண்டாம். என் பேரன் வெட்டுமேசைக்கு அடியில் துணிக்கட்டுகளுக்கு நடுவே நுழைந்து படுப்பான். அதையும் சேட்டைக் கணக்கில்தான் எழுதியிருந்தோம்!

இப்போது அவன் சட்டைக்குக் காலரில் விறைப்புக்கு வைக்கிற கேன்வாஸ் வைப்பதில்லை. துணியை மூன்று தண்ணீரில் அலசிக் கஞ்சி போனபிறகே வெட்டுகிறேன். ஓவர்லாக் கிடையாது, ஓரத்தை உள்ளே மடித்து இரட்டைத் தையல். வாங்கின பனியன் என்றால் பிளேடால் லேபிளைப் பிரித்து, அதன் நூல் முனைவரை பிடுங்கிவிடுவேன். ஒரு சட்டைக்கு இருபது நிமிடம் கூடுதல், அவ்வளவுதான். வகுப்பில் சட்டையோடு இருக்கிறான்.

தெரபிஸ்ட் நிரப்பச் சொல்லி ஒரு கேள்வித்தாள் தந்தார். வேக்குவம் கிளீனர், ஹேர் டிரையர் சத்தத்துக்குப் பையன் பயப்படுகிறானா என்று அதில் இருந்தது. எங்கள் வீட்டில் இரண்டும் இல்லை. செண்டை மேளம், திருவிழா வெடி, குக்கர் விசில், ரப்பர் பால் உறைய ஊற்றுகிற ஆசிட் வாடை, இதையெல்லாம் கேட்டால் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். வெளிநாட்டுக் கேள்விகளால் நம் பிள்ளைகளை அளந்தால் அளவு எப்படிச் சரியாக வரும்? அடுத்தவன் அளவுக்கு வெட்டின சட்டை மாதிரிதான் இருக்கும்.

இது தீர்ந்துபோன விஷயம் என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் அமைப்பு 2012-ல், இதைத் தனி நோயாகப் பெயரிட வேண்டாம், இதற்குத் தெரபிஸ்ட்கள் தருகிற சிகிச்சையின் பலன் பற்றிய ஆய்வு போதாது என்று சொன்னதை மகள் போனில் படித்துக் காட்டினாள். 2013 முதல் ஆட்டிசத்தைக் கண்டறியும் அமெரிக்க அளவுகோலில் இந்தப் புலனுணர்வுச் சிக்கலும் ஓர் அறிகுறி. ஆனால் ஆட்டிசம் இல்லாத பிள்ளைக்கும் இது வரும். நம் நாட்டின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகை ஊனங்களில் இது தனியாக இல்லை. அதனால் என் பேரன் மாதிரிப் பிள்ளைக்கு இதைக் காட்டி மட்டும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் கிடைக்காது, சலுகையும் கிடைக்காது. வகுப்பு டீச்சருக்குத் தெரிந்தால் உண்டு.

அந்த டீச்சரைக் குறை சொல்லி என்ன, அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நம் மாவட்டத்தில் பி.எட். கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. அந்த மாணவர்கள் பயிற்சிக்காகப் பள்ளிகளுக்கு வருகிறார்கள். எந்தப் பிள்ளை காதைப் பொத்துகிறது, எது சத்துணவில் கைவைக்க மறுக்கிறது, எது சட்டையை இழுத்துக்கொண்டே இருக்கிறது என்று அவர்கள் குறித்தாலே நல்ல ஆய்வுக்கு விதை விழும். நம் ஊர்த் தமிழில், நம் ஊர்ச் சத்தங்களை வைத்து ஒரு கேள்வித்தாளைப் பல்கலைக்கழகங்கள் தயாரிக்கட்டும். பள்ளிகளும் யூனிபார்முக்கு நிறத்தைச் சொன்னால் போதும். காலர் விறைப்பாக நிற்க வேண்டும் என்று எதற்கு ஒரு கட்டாயம்?

விஷயம் காதோடு காதாகப் பரவி, போன வருடம் மூன்று அம்மாக்கள் சட்டையோடு வந்தார்கள். கேன்வாஸ், லேபிள் எடுத்துத் தர நான் கூலி வாங்குவதில்லை. யார் வேண்டுமானாலும் வரலாம், ஜூன் முதல் வாரம் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்,
திருவட்டாறு, கன்னியாகுமரி மாவட்டம்.